செருப்பு ஊர்வலம்

அடுத்தவர் செருப்பைத் தொட்டாலே திருட்டு என்று சொல்கிற உலகம் இது. நான் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் செருப்புகள் அத்தனையையும், ஒரே நாளில், பட்டப்பகலில், கோயில் வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு போனவள். ஒன்றையும் திருடவில்லை. மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஊரே சேர்ந்து கேட்டுப் பார்த்தது. அப்போதே நான் அசைந்து கொடுக்கவில்லை, இப்போதா கொடுக்கப் போகிறேன்?

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில், லயத்துக் காம்பராவில் குந்திக்கொண்டிருந்தேன். (லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள், அந்த அறைதான் காம்பரா. ஒரு வீட்டில் தும்மினால் நாலாம் வீட்டில் மருந்து சொல்வார்கள்.) கொழும்பில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை பார்த்து வைத்திருந்தார் சித்தப்பா. திருவிழா முடிந்த மறுநாள் புறப்பட வேண்டும். துணிக்கடை வேலை கேவலம் என்று நான் சொல்லவே இல்லை. காலையிலிருந்து ராத்திரி வரை மற்றவர்கள் பிரித்துப் போட்ட சேலையை மடித்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது என்றுதான் சொன்னேன். நான் மடிக்கிற லட்சணத்தைப் பார்த்திருந்த அம்மாவும் அதை ஒப்புக்கொண்டார். ஆனாலும் போய்த்தான் ஆக வேண்டும் என்றார்.

தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. கண்டியில் ஒரு நிலையம், அசைவூட்டப் படம் எடுக்க இளம் ஆட்களுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்கப் போவதாகவும், தங்க இடமும் உண்டு என்றும் போனில் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. சேர வேண்டுமானால் ஒரு நிமிட ஸ்டொப் மோஷன் படம் ஒன்றை எடுத்து அனுப்ப வேண்டும். படத்தில் நடிப்பதெல்லாம் நம்மைச் சுற்றிக் கிடக்கும் பொருளாக இருக்க வேண்டும்; காசு கொடுத்து வாங்கவும் கூடாது, புதிதாகச் செய்யவும் கூடாது. அனுப்பக் கடைசி நாள், எங்கள் மாரியம்மன் திருவிழா நாள்.

ஸ்டொப் மோஷன் என்பது பெயரில்தான் பெரிசு. ஒரு தீப்பெட்டியை மேசையில் வைத்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும். அதைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொன்று. இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொன்று. எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டினால் தீப்பெட்டி தானாக நடந்து போகும். இதற்கு வேண்டியது பொறுமையும், நாம் வைத்த பொருளை வேறு யாரும் தொடாத ஓர் இடமும். பொறுமை எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. இடம் எங்கள் லயத்தில் யாருக்கும் கிடையாது.

என் முதல் படத்தின் கதாநாயகன் ஓர் உருளைக்கிழங்கு. அடுப்படியிலிருந்து அவன் தப்பி ஓடுவதாகக் கதை. (இதில் என் சொந்த நிலைமை கலந்திருந்ததை நான் மறுக்கவில்லை.) பாதி எடுத்து முடித்து, அவனை அப்படியே வைத்துவிட்டுப் பீலியில் தண்ணீர் பிடித்து வரப் போனேன். திரும்பி வந்தபோது கதாநாயகன் குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தான். அம்மாவிடம் சண்டைக்குப் போனால், கிழங்கு கிடந்தது, போட்டேன், அதில் பேரா எழுதியிருக்கிறது என்று கேட்டார். அடுத்த படத்துக்குக் கொடியில் துணி மாட்டும் கிளிப்புகளை நடனமாட விட்டேன். இடைவேளையில் பக்கத்து வீட்டு அக்கா நடனக் குழுவைப் பிடுங்கிப் போர்வை காயப் போட்டுவிட்டார். அதற்கடுத்தது தேயிலை வடிகட்டி. அப்பா வேலை முடிந்து வந்து தேத்தண்ணி கேட்டதும் அந்தப் படமும் முடிந்தது.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிறவர். ஆனால் தோட்டத்தில் அவருக்கு இருந்த மரியாதை அந்த வேலையால் வந்ததில்லை, கரகத்தால் வந்தது. வருஷத்தில் ஒருநாள், பூவும் வேப்பிலையும் சுற்றிய கரகம் அவர் தலையில் ஏறும். ஏறியதும் அம்மன் அவர் மேல் வருவாள். அன்றைக்குத் தோட்டத் தலைவர்கூட அவர் காலில் விழுந்து விபூதி வாங்குவார். தலைவர் என்றால் தொழிற்சங்கத்துக்கும் அவர்தான், கோயில் கமிட்டிக்கும் அவர்தான். மற்ற நாட்களில் அவர் அப்பாவைப் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி.

யோசனை வந்தது கோயிலில்தான். காப்புக் கட்டிய அன்று எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள், நான் வாசலைப் பார்த்தேன். தோட்டத்து ஜனம் முழுக்க அங்கே கிடந்தது. வார் அறுந்து ஊசி குத்திய இறப்பர் செருப்பு, பள்ளிக்கூட டீச்சரின் குதி உயர்ந்த செருப்பு, நடந்தால் கீச்சுக் கீச்சென்று கத்தும் குழந்தைச் செருப்பு, நடுவில் தலைவரின் பழுப்பு நிறத் தோல் செருப்பு, சற்றுத் தள்ளி கண்டாக்கையாவின் (தோட்டத்து வெளிக்கள மேற்பார்வையாளர்) சப்பாத்து. ஒவ்வொன்றும் அதன் சொந்தக்காரரைப் போலவே கிடந்தது. தலைவருடையது இரண்டு ஆள் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

திருவிழா அன்று கரகம் வீதி உலா போகும்போது பின்னால் போகிற எல்லோரும் வெறுங்காலோடுதான் போவார்கள். கோயிலில் கிளம்பி, கீழ் லயம், தொழிற்சாலை, கடைசியாகத் தோட்டத்து மேலாளரான துரையின் பங்களா, பிறகு திரும்பிக் கோயில். அரை நாள் ஆகும். அவ்வளவு நேரமும் செருப்புகள் கேட்பாரில்லாமல் கிடக்கும். யாரும் குழம்பில் போட மாட்டார்கள். கதையும் தயார்: செருப்புகளெல்லாம் ஆள் இல்லாமல் தாங்களே கிளம்பி, பங்களா ரோட்டில் ஊர்வலமாக ஏறித் துரை வீட்டுக் கேட்டில் போய் நிற்கின்றன. அங்கே என்ன கேட்கின்றன என்பதைப் பார்க்கிறவர்களே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அதுவரை நான் யோசித்திருக்கவில்லை.

கரகம் கிளம்பித் தப்பு மேளத்தின் அடி தூரமாகப் போனதும் நான் வேலையைத் தொடங்கினேன். கொழுந்துக் கூடையில் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டு போய்ப் பங்களாக் கேட்டுக்குச் சற்றுக் கீழே, ரோட்டு முடக்கில் அடுக்கினேன். (வளைவைத்தான் நாங்கள் முடக்கு என்போம்.) மேலே மண் திட்டில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் கல் வைத்து, கல்லோடு போனை என் தலை ரப்பர் பேண்டால் கட்டினேன். முன்னால் எங்கள் அப்பாவின் செருப்பு. விரதம் என்பதால் வீட்டில் சும்மா கிடந்ததை எடுத்து வந்திருந்தேன். அதன் பின்னால் ஊர். குனிந்து எல்லாச் செருப்பையும் ஒவ்வோர் அடி நகர்த்தி, திட்டில் ஏறி ஒரு போட்டோ. இறங்கிக் குனிந்து நகர்த்தி, ஏறி இன்னொன்று. கதைக்குச் சிரிப்பு வேண்டும் என்று தலைவரின் செருப்பை மட்டும் வழியில் தடுக்கி ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழ வைத்தேன். அது திரும்ப ஏறி வர நிறையப் போட்டோ செலவானது. கீச்சுச் செருப்பு பெரியவர்களை முந்திக்கொண்டு ஓடுவதாகவும் வைத்தேன். இடுப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போயிற்று. ஆனால் என் வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. முந்தின நாள் மழையில் கீழ் லயத்து ரோட்டில் மண் சரிந்திருந்தது. ஆகவே கரகம் இந்த வருஷம் முதலில் பங்களாவுக்குப் போகும் என்று கோயில் மைக்கில் விடிந்ததிலிருந்து சொன்னார்களாம். அந்த மைக் விடிந்ததிலிருந்து என்னென்னமோ சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் மனுஷர் வேலை பார்க்க முடியுமா? தப்பு அடி நெருங்கியது காதில் விழத்தான் செய்தது. ஆனால் மலையில் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று யார் கண்டது? போதாததற்குப் பனி வேறு மூடிக்கொண்டு வந்தது. செருப்புகள் பங்களாக் கேட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. கடைசிச் சில போட்டோக்கள்தான் பாக்கி. பாதியில் நிறுத்த என்னால் முடியாது. இப்போதும் முடியாது.

பனிக்குள்ளிருந்து முதலில் வேப்பிலை தெரிந்தது, பிறகு கரகம், பிறகு அப்பா. மஞ்சள் பூசிய காலோடு ஆடி வந்தவர், ரோட்டை அடைத்து நின்ற செருப்புப் பட்டாளத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றார். தப்பு நின்றது. பின்னால் வந்த ஊர் நின்றது.

அம்மன் செருப்பைத் தாண்டக் கூடாது. காப்புக் கட்டியவர்கள் செருப்பைக் கையால் தொடவும் கூடாது. அங்கே வந்திருந்த முக்கால்வாசிப் பேர் கையில் காப்பு இருந்தது, மீதிப் பேர் கையில் தட்டும் குடமும் இருந்தன. பின்னால் திரும்பிப் போகவும் ஏலாது. கிளம்பிய கரகம் வந்த வழியே திரும்பக் கூடாது. ஆக அந்த ரோட்டைத் திறந்துவிடக் கூடிய ஒரே ஆள் நான்தான். நானோ கடைசிப் போட்டோவுக்காகப் போனுக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். படத்தின் சட்டத்துக்குள் செருப்புகளுக்குப் பின்னால் மஞ்சள் பூசிய இரண்டு வெறுங்கால்கள் வந்து நின்றிருந்தன. நான் நினைத்தே பார்க்காத முடிவு. அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

அருள் வந்து ஆடி வந்த அம்மனைப் பார்த்து, "அசையாதீங்க" என்றேன்.

அம்மன் அசையவில்லை. ஊரே அசையவில்லை. அவ்வளவு பேர் மூச்சுக்கூட விடாமல் நின்றதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நான் கால்களுக்கு ஒரு போட்டோ எடுத்தேன். பிறகு ஓடிப்போய் அப்பாவின் செருப்பைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு வந்து இன்னொன்று எடுத்தேன். அதன் பிறகும் இன்னொன்று. அப்போதுதான் கரகத்துக்குக் கீழிருந்து, எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் கேட்காத என் செல்லப் பெயர் கேட்டது.

"அடியே சின்னக்குட்டி, எடுத்துத் தொலைடி. கழுத்து வலிக்குது."

அம்மனுக்கு என் செல்லப் பெயர் தெரிந்திருந்ததை ஊர் ஒருவேளை மன்னித்திருக்கும். அவளுக்குத் தெரியாதது உண்டா? கழுத்து வலிதான் உதைத்தது. கூட்டத்தின் முன்வரிசை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. நான் செருப்புகளை வாரிக் கானுக்குள் தள்ளினேன்.

அதற்குள் அந்தப் பக்கம் இன்னொரு கூத்து நடந்திருந்தது. புதிதாக வந்திருந்த துரை, அம்மனுக்கு அர்ச்சனைத் தட்டோடு கேட்டில் காத்திருந்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது, தன் வாசலை நோக்கி வரிசையாக வந்து நின்ற வெறும் செருப்புகளும், அவற்றுக்குப் பின்னால் வாயைத் திறக்காமல் நின்ற மொத்தத் தொழிலாளர்களும். அவர் வெளிறிப்போய், இது என்ன போராட்டம் என்று கண்டாக்கையாவிடம் சிங்களத்தில் கேட்டார். கண்டாக்கையா தன் சப்பாத்தும் அந்தப் போராட்டத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, தன் வெறுங்காலைக் குனிந்து பார்த்தார். தலைவர்தான் சட்டென்று சுதாரித்துக்கொண்டு முன்னால் போனார். கீழ் லயத்துக் கூரைத் தகரம் எத்தனை மழைக்கு ஒழுகுகிறது, ஆட்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்ச் செருப்புகளே வந்துவிட்டன என்று ஒரு போடு போட்டார். துரை, உடனே பார்க்கிறேன் என்றார். தகரமும் பிறகு வந்தது. பாதிக் கூரைக்குத்தான் வந்தது என்றாலும் வந்தது. தகரம் வாங்கிக் கொடுத்த பெயர் தலைவருக்கு. அம்மனை மறித்த பெயர் எனக்கு.

சாயங்காலம் கோயில் வாசலில் பஞ்சாயத்து. அதற்கு முன்னால், கானுக்குள் கலந்து கிடந்த செருப்புகளை ஊரே சேர்ந்து பொறுக்கி, இது உன்னுடையதா என்னுடையதா என்று அடித்துக்கொண்டு முடித்திருந்தது. (ஜோடி மாறியதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆளுக்கு இரண்டு திரும்பக் கிடைத்ததா இல்லையா?) தலைவர் தீர்ப்புச் சொன்னார்: நான் அம்மனுக்குத் தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும், போனில் இருக்கிற படங்களை எல்லோர் முன்னாலும் அழிக்க வேண்டும். தேங்காய் உடைக்கிறேன், எத்தனை வேண்டுமானாலும் உடைக்கிறேன் என்றேன். படத்தை அழிக்க மாட்டேன்.

அம்மா என் கையைக் கிள்ளினார். விடிந்தால் கொழும்புக்குப் போகிற பெண் எதற்குப் பொல்லாப்பைத் தேடிக்கொள்கிறாய் என்று காதில் சொன்னார். அந்தப் படம் அழிந்தால்தான் நான் கொழும்புக்குப் போக வேண்டிவரும், அதனால்தான் அழிக்க மாட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். என் குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்கியது என்று இன்றுவரை சொல்லி வருகிறேன். அப்பா மூலையில் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷம் அவர் மேல் வந்தது அம்மன்தானா என்று அவர் காதுபடவே இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். அதுதான் எனக்கு வலித்தது. மற்ற எதுவும் வலிக்கவில்லை.

அழிப்பதற்கு முன்னால் அப்படி என்னதான் எடுத்திருக்கிறாள் என்று பார்ப்போம் என்றார் ஒரு கமிட்டிக்காரர். போன் கைமாறியது. ஒரு நிமிடம் ஓடியது. பிறகு பின்னாலிருந்து ஒருவர், இன்னொரு தடவை போடு, அந்த நீல வார் போட்டது என்னுடையது என்றார். டீச்சர் தன் செருப்பு ஏன் நொண்டுகிறது என்று கேட்டார். கீச்சுச் செருப்பின் சொந்தக்காரி தன் அம்மாவின் இடுப்பிலிருந்து கையை நீட்டிச் சிரித்தாள். அம்மனை மறித்த குற்றத்தை விசாரிக்க வந்த கூட்டம், என் செருப்பு ஏன் இவ்வளவு பின்னால் வருகிறது, அவனுடையது எப்படி முன்னால் போனது என்று சண்டை பிடிக்க ஆரம்பித்தது. தலைவர் மட்டும் மூன்றாம் முறையும் தன் செருப்பு கானுக்குள் விழுவதைப் பார்த்துவிட்டு, அழித்தே ஆக வேண்டும் என்றார்.

அப்போது அப்பா எழுந்து வந்தார். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி, போனை வாங்கிக் கடைசிப் படங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தப் பேச்சைப் பேசிய இரண்டு பேருக்கும் அதை நீட்டிக் காட்டினார்.

"கால் ஆடுதா பாருங்க. அவ்வளவு நேரம் தலையில கரகத்தோட, கையால புடிக்காம நின்னிருக்கேன். ஒரு பூ விழலை. மனுசனுக்கு ஏலுமா அது? அம்மன்தான் நின்னா. கழுத்துதான் என்னோடது." பிறகு தலைவரைப் பார்த்தார். "இந்தப் படம் இருக்கட்டுங்க. எனக்கு இதான் சாட்சி."

அம்மனே சாட்சிக்கு விட்டுவைத்த படத்தை அழிக்கத் தலைவருக்கும் தைரியம் வரவில்லை. நான் தேங்காயை உடைத்துவிட்டு, சிக்னல் பிடிக்கிற ஒரே இடமான தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஓடி, இருட்டுவதற்குள் படத்தை அனுப்பினேன். மன்னிப்புக் கேட்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நான் ஞாபகப்படுத்தவில்லை.

மறுநாள் கொழும்பு பஸ் ஏறினேனா என்று கேட்பீர்கள். ஏறினேன். சில வாரம் சேலையும் மடித்தேன். கடைக்காரரே இனி மடிக்காதே என்று சொல்ல ஆரம்பித்த சமயத்தில் கண்டியிலிருந்து போன் வந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது, கடைசியில் அந்த வெறுங்கால்கள் வந்து நிற்கின்றனவே, அதை எப்படித் திட்டமிட்டீர்கள் என்று கேட்டார்கள். பல நாள் யோசித்துத் திட்டமிட்டேன் என்றேன். சேர்த்துக்கொண்டார்கள். இன்று நான் குழந்தைகளுக்குப் படம் எடுத்துத்தான் சாப்பிடுகிறேன். பொத்தான், மூடி, கரண்டி, கையில் அகப்படுவதெல்லாம் என்னிடம் நடக்கும்.

அந்த வளைவுக்குச் செருப்பு முடக்கு என்று பெயராகிவிட்டது. போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, பூண்டுலோயா பஸ் நிற்குமிடத்துக்கு அப்பாவும் அம்மாவும் என்னைக் கூட்டிப் போக வந்திருந்தார்கள். மூவரும் ஒரு ஆட்டோவில் ஏறினோம். ஓட்டியவர் வலப்பனைப் பக்கத்து இளைஞர். முடக்கைத் திரும்பும்போது, இந்த இடத்துக்கு ஏன் இந்தப் பெயர் தெரியுமா என்று தானாகவே ஆரம்பித்தார். வெள்ளைக்காரத் துரை காலத்தில் தொழிலாளி யாரும் பங்களாவைச் செருப்போடு கடக்கக் கூடாதாம். இந்த முடக்கில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். ஒருநாள் கொழுந்தெடுக்கிற பெண் ஒருத்தி, தோட்டத்துச் செருப்பையெல்லாம் வாங்கி ரோட்டில் அடுக்கி, துரையின் குதிரையையே மறித்துவிட்டாளாம். (இறப்பர் செருப்பும் குதிரையும் எந்தக் காலத்தில் சந்தித்தன என்று நான் கேட்கவில்லை. நல்ல கதையை ஏன் கெடுக்க வேண்டும்?)

அப்பா மிகவும் மரியாதையாக, "அப்புறம் அந்தப் பொண்ணு என்னாச்சு தம்பி?" என்று கேட்டார்.

"சுட்டுட்டானுங்க அய்யா. அந்த எடத்துலயே."

அம்மா உச்சுக் கொட்டி, கல்யாணம் ஆகியிருந்ததா என்று விசாரித்தார். இல்லையாம். நான் வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சிரித்தால் என் தியாகம் கெட்டுவிடும். வீட்டு வாசலில் இறங்கியதும் அப்பா, பொங்கலுக்கு வந்திருந்த சித்தப்பா வீட்டார் காதில் விழும்படி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு வேறு பெயர் கிடையாது. போனை எடுத்தால்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் மறுக்காமல் என்ன என்று கேட்கிறேன்.

"தியாகி வந்திருக்கு. ஒரு பிளேன்டீ ஊத்துங்க."